உங்களுக்குத் தெரியுமா? சிப்பிக் குஞ்சுகளைக் கொல்லும் கடல் கிருமிகள்

காலையில் தொட்டிக்குள் புகுந்த கிருமி மறுநாள் விடிவதற்குள் மொத்தக் குஞ்சையும் தீர்த்துவிடும். 1965-ல் ஹாஸ்கெல் டூபியாஷ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை மணிக்கணக்கு வைத்தே பதிவு செய்தார்கள். கிருமி கலந்த நான்கைந்து மணி நேரத்தில் சிப்பி லார்வாக்களின் நீச்சல் சட்டென்று குறைகிறது. எட்டு மணி நேரத்தில் சாவு தொடங்குகிறது. பதினெட்டு மணி நேரத்தில் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடுகிறது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1984-ல், அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: விப்ரியோ டூபியாஷி.

*

அந்த ஆய்வு நடந்த இடம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கடலோரமாக இருக்கும் மில்ஃபோர்டு மீன்வள ஆய்வகம். சிப்பி, மட்டி வகைகளை முட்டையிட வைத்து, லார்வாவைத் தொட்டியில் வளர்த்து ஆளாக்கும் முறையை விக்டர் லூசானோஃப் என்பவர் தலைமையில் செம்மைப்படுத்தியதும் அங்கேதான். அதே ஆய்வகத்தில்தான் இந்த நோயும் அடையாளம் காணப்பட்டது. இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடலில் சிதறிக் கிடக்கும்போது லார்வா செத்தால் யார் எண்ணப்போகிறார்கள்? லட்சக்கணக்கில் ஒரே தொட்டியில் அடைத்து வளர்த்த பிறகுதான் சாவு கண்ணில் பட்டது. கிருமிக்கும் அது வசதியாகப் போயிற்று.

*

நலமாக இருக்கும் சிப்பி லார்வா சும்மா இருக்காது. உடம்பின் முன்பக்கம் நுண்ணிய மயிரிழைகள் கொண்ட வட்டு ஒன்றை ஓட்டுக்கு வெளியே நீட்டி, அதைச் சுழற்றிச் சுழற்றி நீந்தும். தின்பதும் அதைக் கொண்டுதான். நோய் கண்ட லார்வாவை நுண்ணோக்கியில் வைத்தால் அது அடியில் கிடக்கும். ஓட்டின் விளிம்பைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் திரள் திரளாக மொய்க்கும். உள்ளே இருக்கும் சதை கொஞ்ச நேரத்தில் குருணை குருணையாக உதிரும்.

*

வளர்ந்த சிப்பியை இந்தக் கிருமி ஒன்றும் செய்வதில்லை. கருநிலையில் இருப்பதும் தப்பித்துவிடுகிறது. நடுவில் இருக்கும் லார்வாப் பருவமும் குஞ்சுப் பருவமும்தான் அதற்கு இலக்கு.

*

ஒரு பெண் பசிபிக் சிப்பி ஒரே முறையில் கோடிக்கணக்கில் முட்டையிடக் கூடியது. இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரிந்து, ஒட்டிக்கொள்ள இடம் தேடும் பருவத்துக்கு வந்த லார்வா ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்ணீரை வடித்துத் திரட்டினால் பத்து லட்சம் லார்வாக்கள் ஓர் எலுமிச்சம்பழ அளவு உருண்டைக்குள் அடங்கிவிடும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து இதைத்தான் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள்.

*

கடலில் வாழும் விப்ரியோ இனத்தில் நேட்ரீஜென்ஸ் என்று ஒரு வகை உண்டு. நோய் எதுவும் தராத அப்பாவி. பத்து நிமிடத்துக்குள் ஒன்று இரண்டாகப் பெருகிவிடும் என்பதால் ஆய்வகங்களில் அதற்குத் தனி மரியாதை. ஏட்டுக் கணக்குப்படி பார்த்தால் ஒரே ஒரு செல் மூன்று மணி நேரத்தில் 2,62,144 ஆகிவிடும். எல்லா விப்ரியோவுக்கும் இந்த வேகம் வராது. ஆனாலும் இந்தக் குடும்பத்தில் யாரும் சோம்பேறி இல்லை. பொரிப்பகக்காரர்கள் ராத்திரியில் எழுந்து தொட்டியைப் பார்ப்பது அதனால்தான்.

*

லார்வாவைக் கொல்லக் கிருமி நேரில் வந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு செல்கூட இல்லாமல் செய்து, அந்தத் தெளிவை மட்டும் பசிபிக் சிப்பி லார்வாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். லார்வா செத்தது. புரதத்தை அரிக்கும் ஒரு நொதிதான் அதில் இருந்த முக்கிய நஞ்சு.

*

இனி கொஞ்சம் நீளமான கதை. அதே ஆரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடா என்று ஓர் இடம். மேற்குக் கரைச் சிப்பிப் பண்ணைகளுக்குக் குஞ்சு கொடுக்கும் பெரிய பொரிப்பகம் ஒன்று அங்கே இருக்கிறது. 2006, 2007 ஆண்டுகளில் அங்கே லார்வாக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தண்ணீரைப் பரிசோதித்தால் விப்ரியோ டூபியாஷி ஏராளம். வழக்கத்தை மீறிச் சூடேறிய மேல்மட்ட நீரும், ஆழத்திலிருந்து எழுந்து வந்த சத்து மிகுந்த நீரும் கலந்ததில் கிருமி பெருகிவிட்டது என்று 2008-ல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. குற்றவாளி அகப்பட்டாயிற்று என்று எல்லோரும் நினைத்தார்கள். பொரிப்பகம் பணத்தைக் கொட்டிச் சுத்திகரிப்புக் கருவிகளைப் போட்டது. கிருமி குறைந்தது. லார்வா சாவது மட்டும் நிற்கவில்லை.

அதன் பிறகுதான் தண்ணீரின் அமிலத்தன்மையைப் பார்த்தார்கள். கோடையில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும்போது ஆழ்கடல் நீர் கரையோரம் மேலெழும். பல பத்தாண்டுகள் ஆழத்திலேயே கிடந்த தண்ணீர் அது. அதில் கரியமில வாயு அதிகம். போதாததற்கு நாம் புகைத்துத் தள்ளும் வாயுவும் கடலில் கரைந்து சேர்கிறது. சிப்பி லார்வா தன் முதல் ஓட்டைக் கட்டுவது கருவுற்ற இரண்டே நாளில். அந்த வேலைக்கு முட்டையில் சேமித்து வைத்த சக்திதான் முதல். தண்ணீர் அமிலப்பக்கம் சாய்ந்திருந்தால் ஓட்டைக் கட்டவே கைமுதல் கரைந்துவிடும். தீவனம் தின்னத் தொடங்குமுன் லார்வா ஓய்ந்து போகும். தண்ணீரின் அமிலத்தன்மை லார்வா உற்பத்தியைக் குறைக்கிறது என்பதை 2012-ல் எண்களோடு நிறுவினார்கள்.

தீர்வு என்ன தெரியுமா? முதலாவது, தண்ணீர் இறைக்கும் நேரத்தை மாற்றியது. விரிகுடாவின் கடல்புற்கள் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை செய்து கரியமில வாயுவை உறிஞ்சிவிடும். அதனால் விடியற்காலைத் தண்ணீரைவிடப் பிற்பகல் தண்ணீர் லார்வாவுக்கு இதமானது. இரண்டாவது, தண்ணீரில் சோடியம் கார்பனேட்டைக் கரைத்துவிட்டது. நம் வீட்டில் துணி துவைக்கப் போடும் சலவைச் சோடாதான் அது! பொரிப்பகம் பிழைத்துக்கொண்டது.

கிருமி மேல் பழியே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அது கொலைகாரன்தான். ஆனால் கிருமியைக் கண்டவுடன் விசாரணையை முடித்துவிட்டதில் இரண்டு கோடை வீணாயிற்று.

*

அதைவிட வேடிக்கை, கூண்டில் ஏற்றிய ஆளே தவறு! 2013 முதல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மேற்குக் கரைப் பொரிப்பகங்களில் பிடித்து 'டூபியாஷி' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த பேர்போன கிருமி ரகங்கள் டூபியாஷியே இல்லை, விப்ரியோ கோரல்லிலிட்டிகஸ் என்று தெரிந்தது. சிப்பி லார்வாவைக் கொல்வதில் டூபியாஷியைவிட இது கைதேர்ந்தது. அசல் டூபியாஷி இன்னும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அதன் கணக்கில் எழுதிய பாவங்களில் பாதி அடுத்தவனுடையது.

*

அந்த அடுத்தவன் முதலில் பிடிபட்டது சிப்பியில் அல்ல, பவளத்தில். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் ஜான்சிபார் பகுதியில் நோயுற்ற பவளத்திலிருந்து பிரித்தெடுத்து 2003-ல் பெயர் சூட்டினார்கள். தண்ணீர் 22 டிகிரிக்குக் கீழே இருந்தால் பவளத்துக்கு அதனால் தொல்லை இல்லை. 27 டிகிரியைத் தாண்டிவிட்டால் பவளத்தின் உயிர்த்திசுவைக் கரைத்தே எடுத்துவிடும். ஒரே கிருமி, ஒரே பவளம், ஐந்து டிகிரி வித்தியாசம்.

*

சிப்பிக் குஞ்சைக் கொல்வது விப்ரியோ குடும்பம் மட்டும் அல்ல. 1988-ல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் புதிதாக ஒரு நோய் தலைகாட்டியது. லார்வாப் பருவம் தாண்டி, ஓடு திரண்டு, பண்ணைக்குப் போன குஞ்சுகளை அது பிடித்தது. 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தவைதான் பெரும்பாலும் பலி. சில பண்ணைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்தன. முதலில் வளர்ச்சி நின்றுபோகும். ஓட்டைச் சுரக்கும் சதைமடிப்பு விளிம்பை விட்டு உள்ளே சுருங்கும். கீழ் ஓடு வழக்கத்துக்கு மீறிக் குழிந்து காணும். செத்த குஞ்சைத் திறந்தால் உள் ஓட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் இருக்கும்.

அந்த வளையம் கிருமி போட்டதல்ல, சிப்பியே போட்டது. இந்தக் கிருமி சதைக்குள் நுழைவதில்லை. ஓட்டின் உள்பரப்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும். அதை அமுக்கி மூடத்தான் சிப்பி கான்கியோலின் என்ற புரதத்தைச் சுரந்து சுவர் எழுப்புகிறது. குஞ்சு பெரியதாக இருந்தால் சுவர் வெல்லும். சிறியதாக இருந்தால் கிருமி வெல்லும்.

காரணம் இன்னதென்று தெரியாமலேயே பல ஆண்டுகள் ஓடின. கடைசியில் மெய்ன் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பெட்சர் குழுவினர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 2005-ல் ரோசியோவேரியஸ் கிராசோஸ்ட்ரியே என்று பெயரிட்டார்கள். 'இளஞ்சிப்பி நோய்' என்று வழங்கிய பழைய பெயரும் பிறகு கிருமியின் பெயரால் மாறியது. மருந்து இன்னும் இல்லை. பண்ணைக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது: வசந்தம் தொடங்கியதும் குஞ்சை விட்டுவிடுவது. தண்ணீர் சூடேறிக் கிருமி தலைதூக்கும் காலத்துக்குள் குஞ்சு 25 மில்லிமீட்டரைக் கடந்துவிட்டால் ஆபத்து பெரும்பாலும் நீங்கியது. கூடையில் நெருக்கி அடைக்காமல், நீரோட்டம் நன்றாகப் பாயும்படி வைப்பதும் கைகொடுக்கிறது.

*

பிரான்சின் பிரிட்டனி கரையில் 1987-ல் மணிலா மட்டிகளிலும் இப்படிப் பழுப்பு வளையம் தென்பட்டது. கிருமி வேறு: விப்ரியோ டேப்பிடிஸ். மட்டியின் தற்காப்பு மட்டும் சிப்பியுடையதேதான்.

*

2008 முதல் பிரான்சில் பசிபிக் சிப்பிக் குஞ்சுகள் கோடைதோறும் கும்பலாகச் சாகின்றன. சிலர் ஹெர்பிஸ் வகை வைரஸ் என்றார்கள். சிலர் விப்ரியோ என்றார்கள். 2018-ல் வந்த ஆய்வு இரண்டு தரப்பும் சரி என்றது. முதலில் வைரஸ் வந்து சிப்பியின் காவல் செல்களைச் செயலிழக்கச் செய்கிறது. காவல் இல்லாத வீட்டுக்குள் பாக்டீரியாக்கள் நுழைந்து மிச்சத்தை முடிக்கின்றன.

*

விசிறிச் சிப்பி லார்வாக்களைக் கொல்லும் கிருமியாக 1998-ல் பிரிட்டனி பொரிப்பகத்திலிருந்து அறிமுகமானது விப்ரியோ பெக்டெனிசிடா. அதற்குப் பிறகு அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. இதற்கிடையே 2013-ல் தொடங்கி, மெக்சிகோ முதல் அலாஸ்கா வரை பசிபிக் கரை நெடுக நட்சத்திர மீன்கள் கைகள் உதிர்ந்து கரைந்து சாகத் தொடங்கின. சூரியகாந்தி நட்சத்திர மீன் இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துபோனது. 2014-ல் ஒரு வைரஸ் மேல் பழி விழுந்தது. அந்தப் பழி பிறகு நிலைக்கவில்லை. 2025 ஆகஸ்டில்தான் உண்மையான ஆள் அகப்பட்டான்: விப்ரியோ பெக்டெனிசிடாவின் ஒரு ரகம். பத்தாண்டுக்கு மேல் ஏன் தப்பியது? பெரும்பாலும் சதையில் தேடினார்கள். கிருமி இருந்தது நட்சத்திர மீனின் உடல் திரவத்தில்.

*

நம் பக்கத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் வரிசையாக இறால் குஞ்சு ஹேச்சரிகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்கள் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியை உற்றுப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் பச்சை நீலமாக மினுங்கினால் அடி வயிறு கலங்கும். விப்ரியோ ஹார்வேயி வகையறா புகுந்துவிட்டது என்று பொருள். மினுங்குவது நோய்பட்ட இறால் லார்வா.

*

அந்தப் பாக்டீரியா தனியாக இருக்கும்போது மினுங்காது. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். கூட்டம் சேரச் சேரத் தண்ணீரில் அதன் செறிவு ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் 'ஆள் சேர்ந்துவிட்டது' என்று தெரிந்துகொண்டு எல்லாம் ஒன்றாக வெளிச்சம் போடும். பாக்டீரியாக்கள் இப்படித் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் பானி பாஸ்லர். அவருடைய ஆய்வில் ஹார்வேயி என்று வழங்கிய ரகமும் விப்ரியோ கேம்ப்பெல்லியைச் சேர்ந்தது என்று 2010-ல் தெரிந்தது. இந்தக் குடும்பத்தில் ஆள்மாறாட்டம் சகஜம் போலிருக்கிறது.

*

இறால் ஆய்வுக்கூடங்களில் விப்ரியோவை எண்ணுவதற்கு ஒரு தட்டு உண்டு. கரும்பச்சை நிற ஊடகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவி வைத்தால் மறுநாள் மஞ்சளாகவோ பச்சையாகவோ புள்ளிகள் முளைக்கும். பச்சை வந்தால் பண்ணைக்காரர் முகம் வாடும். மஞ்சள் என்றால் ஆறுதல். ஆனால் அந்த மஞ்சள், கிருமி சர்க்கரையைச் செரித்ததன் அடையாளம் மட்டுமே. காலராக் கிருமியும் மஞ்சள்தான். சிப்பிக் குஞ்சைக் கொல்லும் டூபியாஷியும் மஞ்சள்தான். நிறத்தை வைத்து நல்லவன் கெட்டவன் சொல்ல முடியாது.

*

2009-ல் சீனாவிலும், அடுத்தடுத்து வியட்நாம், மலேசியா, தாய்லாந்திலும், குளத்தில் விட்ட முதல் மாதத்துக்குள்ளேயே இறால் குஞ்சுகள் கும்பலாகச் செத்தன. காரணத்தை 2013-ல் அரிசோனா பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பழைய கிருமி, நஞ்சு செய்யும் மரபணுக்கள் அடங்கிய ஒரு டிஎன்ஏ வளையத்தை எங்கிருந்தோ பெற்றிருந்தது. பூச்சிகளைக் கொல்லும் வேறொரு பாக்டீரியாவின் நஞ்சுக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை இருக்கிறது.

*

தொட்டியில் ஆன்டிபயாட்டிக் கொட்டினால் தீராதா? 1965-லேயே குளோராம்பெனிகால் கேட்டது. ஆனால் கிருமிகள் பழகிக்கொண்டன. மருந்துக்கு அடங்காத ஹார்வேயி ரகங்கள் இந்திய இறால் பொரிப்பகங்களில் 1990-களிலேயே வந்துவிட்டன. குளோராம்பெனிகாலை நம் நாட்டு இறால், மீன் வளர்ப்பில் இப்போது தொடவே கூடாது. தடை.

*

முள்ளை முள்ளால் எடுக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பகுதியில் ஃபேயோபாக்டர் என்ற பாக்டீரியாவைத் தொட்டியில் விட்டுச் சிப்பி லார்வாவைக் காப்பாற்றுகிறார்கள். இளஞ்சிப்பி நோய் தரும் கிருமிக்கு இது பங்காளி முறை. ஒரே குடும்பத்தில் ஒன்று குஞ்சைக் கொல்கிறது, மற்றொன்று காக்கிறது. விப்ரியோவின் உடம்பில் ஓட்டை போட்டுக் கொல்லும் கடல் பாக்டீரியா ஒன்றையும் ஆராய்கிறார்கள். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களும் லார்வாச் சாவைக் குறைக்கின்றன என்று 2021-ல் ஆய்வு வெளியானது. இதில் எது பண்ணைக்கு வந்து கட்டுப்படியாகும் என்பதுதான் பார்க்க வேண்டியது. என் பந்தயம் முதலாவதன் மேல். உயிரோடு தொட்டியில் தங்கிக் காவல் இருப்பது அது.

*

விப்ரியோ உறவில் எல்லாமே கெட்டவை அல்ல. ஹவாய்க் கடலில் ஒரு குட்டிக் கணவாய், ஒளிரும் பாக்டீரியாவை வயிற்றுப் பக்கம் ஓர் உறுப்பில் வளர்க்கிறது. நிலவொளியில் தன் நிழல் கீழே விழாதபடி மறைத்துக்கொள்ள அந்த வெளிச்சம் உதவுகிறது. விடிந்ததும் பெரும்பாலான பாக்டீரியாக்களை வெளியே துப்பிவிடும்.

*

சிப்பிக் குஞ்சைக் கொல்லும் டூபியாஷி, ரோசியோவேரியஸ் போன்றவை மனிதரை ஒன்றும் செய்வதில்லை. பயப்பட வேண்டியது அவற்றின் சொந்தக்காரர்களுக்குத்தான். 1950-ல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய சிறு மீனைத் தின்ற 272 பேர் நோய்ப்பட்டார்கள், 20 பேர் இறந்தார்கள். பாராஹீமோலிட்டிகஸ் உலகத்துக்குத் தெரியவந்தது அப்படித்தான். விப்ரியோ வல்னிஃபிகஸ் அதைவிடக் கொடியது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் பச்சைச் சிப்பியைத் தொடவே கூடாது.

*

சந்தையில் ஆளியோ மட்டியோ வாங்கினால் மூடியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். திறந்து கிடப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடிக்கொள்ளாவிட்டால் வேண்டாம். கொதிநீரில் போட்டு, ஓடு திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். வெந்த பிறகும் திறக்காததை நெம்பித் திறந்து தின்னாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.